எந்த ஊர் கோர்ட், யார் வீட்டுச் செலவு?

தமிழில் புகழ்பெற்ற வழக்கு எது என்று கேட்டால் பெரும்பாலோர் கண்ணகியைச் சொல்வார்கள். கையில் சிலம்போடு அரசவைக்குப் போய் அன்றைக்கே தீர்ப்பு வாங்கிய வழக்கு அது. கோர்ட் நடைமுறை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் படிக்க வேண்டியது இன்னொரு வழக்கு. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் சுந்தரர் வழக்கு.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். திருநாவலூர்ச் சுந்தரருக்கும் புத்தூர் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளுக்கும் கல்யாணம். பந்தல் நிறைய ஆட்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் உள்ளே வருகிறார். "எனக்கும் இந்தப் பையனுக்கும் ஒரு வழக்கு இருக்கு. அதை முடிச்சிட்டு அப்புறம் தாலி கட்டட்டும்" என்கிறார். என்ன வழக்கு? சுந்தரருடைய பாட்டனார் தனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதனால் பேரனும் தனக்கு அடிமையாம். சுந்தரர் சிரிக்கிறார், கோபப்படுகிறார், கடைசியில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் கிழவரைப் பார்த்து உங்கள் ஊர் எது என்று கேட்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற திருவெண்ணெய்நல்லூர்தான் என்கிறார். உடனே சுந்தரர், அப்படியானால் உன் வழக்கை அங்கேயே வந்து பேசு என்கிறார். கிழவரும் அதுவும் நல்லதுதான் என்று ஒத்துக்கொள்கிறார். வழக்கு ஊர் மாறுகிறது. புத்தூர்ப் பந்தலில் தொடங்கிய தகராறு வாதியின் சொந்த ஊர்ச் சபைக்குப் போய்விட்டது. மாற்றக் கேட்டது பிரதிவாதியே, அதுவும் கோபத்தில்.

சபை நடந்த விதம் இன்றைக்கும் அசத்துகிறது. அனுபவம், ஆவணம், அயலார் சாட்சி என்ற மூன்றில் ஒன்றையாவது காட்டு என்று சபையார் கேட்கிறார்கள். கிழிந்தது நகல்தான், மூல ஓலை கையில் இருக்கிறது என்கிறார் கிழவர். கரணத்தான் அதை வாங்கிப் படிக்கிறார். சாட்சிக் கையெழுத்துகளைச் சரிபார்க்கிறார்கள். பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறொரு ஓலையை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். தீர்ப்பு சுந்தரருக்கு எதிராக. சோழ அரசில் பெரிய பொறுப்பில் இருந்தவர் என்று மரபு சொல்லும் சேக்கிழாருக்கு ஓலை, கரணம், சபை எல்லாம் பழகிய விஷயங்களாக இருந்திருக்க வேண்டும்.

வாதி சிவபெருமான் என்பதால் பக்தர்களுக்கு இது நல்ல முடிவு. சுந்தரருக்கும் இழப்பில்லை, அவர் நாயனார் ஆகிவிட்டார். கல்யாணம் நின்றுபோன அந்தப் பெண்? அவள் வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. ஊர் மாற்றுவது பற்றி அவளை யாரும் கேட்கவில்லை. சுந்தரரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சேக்கிழார் அவளுக்கும் ஓர் இடம் கொடுக்கிறார். வழக்கு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனால் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்விக்கு நம் இலக்கியத்தில் உள்ள பழைய பதில்களில் இது ஒன்று. வழக்கிலேயே பெயர் இல்லாதவர் தலையில்.

குண்டு போய் விழுந்த தூரம்

திருவெண்ணெய்நல்லூரும் திருநாவலூரும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. 1993-இல் மாவட்டம் இரண்டாகப் பிரியும் வரை அதன் தலைநகரம் கடலூர். கடலூரில் எல்லை என்ற விஷயம் எப்படி வந்தது என்பது தனிக்கதை.

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுதான் புனித டேவிட் கோட்டை. பேரத்தில் ஒரு விசித்திரமான ஷரத்து இருந்தது. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தம். சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூரும் வந்துவிட்டது. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தவர்கள் தங்கள் ஊர் வேறு ஆளுகைக்குப் போய்விட்டதை வெடிச்சத்தத்தில் தெரிந்துகொண்டார்கள்.

கோர்ட் எல்லையும் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. யாரோ ஒருவர் தன் நிர்வாக வசதிக்குக் கோடு கிழிக்கிறார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் ஒரு ஊருக்கு நடக்க வேண்டும், அந்தப் பக்கம் இருப்பவர் வேறு ஊருக்கு நடக்க வேண்டும்.

1801-இல் கர்நாடகப் பகுதி முழுக்கக் கம்பெனி கைக்கு வந்தபின் ஜில்லா கோர்ட்டுகள் வந்தன. ஜில்லாவுக்கு ஒன்று. நிலத் தகராறு, கடன் தகராறு எல்லாவற்றுக்கும் ஜனங்கள் பல நாள் நடந்து அங்கே போக வேண்டும். சாட்சியையும் கூட்டிப்போக வேண்டும். போன இடத்தில் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும். அறுவடை நேரத்தில் வாய்தா வந்தால் பயிரையும் விட வேண்டும். இதைக் கவனித்தவர் தாமஸ் மன்றோ. அவருடைய யோசனைகளை ஒட்டி 1816-இல் சென்னை மாகாணத்தில் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. சின்னச் சின்ன வழக்குகளை விசாரிக்க ஊர்த்தலைவரையே கிராம முன்சீப் ஆக்கினார்கள். அவருக்கு மேலே மாவட்ட முன்சீப். கூடவே பஞ்சாயத்துகள். ஜனங்கள் கோர்ட்டைத் தேடி அலைவதைக் குறைத்து, கோர்ட் ஜனங்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்பது யோசனை.

நம் தாத்தா காலத்தில் 'முன்சீப்' என்றால் வரி வசூல் செய்யும் கிராம அதிகாரி. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1980-இல் அந்தப் பதவியை ஒழித்தார்கள். ஊருக்குள்ளேயே ஒரு நீதிபதி என்ற யோசனையின் மிச்சம்தான் அந்தப் பெயர் என்பது அதற்குள் பலருக்கும் மறந்துபோயிருந்தது.

தூரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உள்ளூர் உதாரணம் ஒன்று. 1869-இல் ஆறுமுக நாவலர், ராமலிங்க அடிகள் மீதும் சிதம்பரம் தீட்சிதர்கள் சிலர் மீதும் அவதூறு வழக்குப் போட்டார். அருட்பா மருட்பா சண்டையின் கோர்ட் அத்தியாயம் அது. பேச்சு நடந்தது சிதம்பரம் கோயிலில், விசாரணை நடந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். இந்தப் பக்கம் ரயில் இன்னும் வரவில்லை. சிதம்பரத்திலிருந்து வரவேண்டியவர்கள் வெள்ளாற்றைத் தாண்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவருக்கும் மடமும் கோயிலும் பின்னால் இருந்தவர்களுக்கும் அது முடிந்தது. ஒரு குத்தகைக்காரருக்கு அதே தூரம் வேறு தூரம்.

சட்டம் ஊரைத் தேர்ந்தெடுக்கும் விதம்

இன்று நடப்பில் இருக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இல் வந்தது. எந்த ஊரில் வழக்குப் போடலாம் என்பதற்கு அது சொல்லும் விதிகள் அடிப்படையில் நியாயமானவை. வழக்கின் மதிப்புக்கு ஏற்ற, இருப்பதில் கீழ்மட்டக் கோர்ட்டில் போட வேண்டும். நிலம் பற்றிய வழக்கு என்றால் நிலம் இருக்கும் ஊரில். மற்ற வழக்கு என்றால் பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரில், இல்லையென்றால் வழக்குக்கான காரணம் எழுந்த ஊரில். திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததற்கு ஏறக்குறைய நேர் எதிர். வம்புக்கு இழுப்பவன்தான் பஸ் ஏறி வர வேண்டும், இழுக்கப்பட்டவன் ஊரிலேயே இருந்து பதில் சொல்லலாம் என்பதுதான் இதன் உள்ளர்த்தம்.

ஆனால் 'காரணம் எழுந்த ஊர்' என்ற வாசலில் நிறையப் பேர் நுழையலாம். ஒப்பந்தம் கையெழுத்தானது ஓர் ஊர், பணம் கொடுத்தது ஓர் ஊர், சரக்கு இறங்கியது இன்னொரு ஊர் என்றால் மூன்று ஊரிலும் வழக்குப் போட இடம் உண்டு. வசதி உள்ளவர் மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிராளிக்கு எது அதிகத் தொல்லையோ அது. "அலைய விட்டே அடிச்சிடலாம்" என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

அதற்கு மருந்தாகத்தான் மாற்றல் மனு. சிதம்பரம் முன்சீப் கோர்ட்டில் இருக்கும் வழக்கைக் கடலூருக்கு மாற்ற மாவட்ட நீதிபதியே போதும். கடலூர் மாவட்டத்திலிருந்து விழுப்புரத்துக்கு என்றால் ஐகோர்ட். இரண்டுக்கும் 24-ஆவது பிரிவு. வேறு மாநிலத்துக்கு என்றால் 25-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றம். அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது 1976 திருத்தத்தில். 24-ஆவது பிரிவின்படி என்றால் யாரும் கேட்காமலே கோர்ட் தானாகவும் மாற்றலாம்.

எதற்காக மாற்றுவார்கள்? வெறும் அசௌகரியம் மட்டும் போதாது என்பது பொது நிலை. இரு தரப்பின் வசதியையும் எடைபோட வேண்டும், சாட்சிகளும் ஆவணங்களும் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும், அந்தக் கோர்ட்டில் நியாயம் கிடைக்காது என்ற அச்சத்துக்கு நியாயமான அடிப்படை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2008-இல் குல்விந்தர் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்கு *மாறுவது* வேறு, பிராது *திரும்புவது* வேறு. மாறினால், விட்ட இடத்திலிருந்து புது கோர்ட் தொடரலாம். அதிகார எல்லையே இல்லாத கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தால், 7-ஆவது கட்டளை 10-ஆவது விதிப்படி பிராதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சரியான கோர்ட்டில் அதைத் தாக்கல் செய்தால் எல்லாம் முதலிலிருந்து. ஏற்கெனவே நடந்த சாட்சி விசாரணை கணக்கில் வராது. 2020-இல் எக்ஸெல் கேரியர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதை உறுதி செய்தார்கள். கோட்டை யார் கிழித்தாலும், கோட்டுக்குத் தப்பான பக்கம் நின்றதற்கு நின்றவர்தான் கட்ட வேண்டும்.

இதெல்லாம் தேசம் என்ற கோட்டுக்குள். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம். 1954 நவம்பர் வரை அது பிரெஞ்சு ஆட்சி. சென்னை ஐகோர்ட் நினைத்தால் கடலூர் வழக்கைக் கோயம்புத்தூருக்கு அனுப்பலாம். பக்கத்து ஊர்ப் புதுச்சேரிக்கு அனுப்ப முடியாது. தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை.

வக்கீல் ஃபீஸ் தெரியும், பஸ் டிக்கெட் தெரியாது

இனி செலவு. 35-ஆவது பிரிவின்படி செலவைத் தீர்மானிப்பது கோர்ட்டின் விருப்பம். தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுப்பது பொது விதி. அப்படிக் கொடுக்க வேண்டாம் என்றால் கோர்ட் காரணம் எழுத வேண்டும். எழுத்தில் இப்படி. நடப்பில் எத்தனையோ தீர்ப்புகள் 'செலவுத்தொகை இல்லை' என்ற ஒற்றை வரியோடு முடிகின்றன. செலவுத்தொகை கிடைத்தாலும் அதில் வருவது கோர்ட் கட்டணம், விதிப்பட்டியல்படியான வக்கீல் கட்டணம், சாட்சிப் படி போன்றவை. வக்கீலுக்கு நிஜமாகக் கொடுத்தது வேறு, பட்டியலில் இருப்பது வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிகாட்டில் ஒருவர் இருக்கிறார், அவர் வழக்கு சிதம்பரத்துக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போக வர, டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு வாய்தாவுக்கு 200 ரூபாய். அன்றைக்குப் போன கூலி 600 ரூபாய். வருஷத்துக்குப் பத்து வாய்தா, ஐந்து வருஷம். 40,000 ரூபாய் ஆகிவிட்டது. ஐந்து வருஷத்தில் முடிகிற வழக்கு என்பது நல்ல ஜாதகக்காரருக்குத்தான். பாதி நாள் போய் நின்றால் நீதிபதி லீவு, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, அடுத்த வாய்தா. இந்த 40,000 எந்தச் செலவுப் பட்டியலிலும் ஏறாது. "ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்" என்ற சொலவடை இந்தக் கணக்கிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் சட்டம் விதிக்கும் அபராதங்களைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தில் வீணாக, தொல்லை தருவதற்காகவே மாற்றல் மனு போட்டுத் தள்ளுபடியானால் எதிராளிக்குத் தரவேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு 2,000 ரூபாய். பொய் வழக்குக்கு 35-ஏ பிரிவின்படி உச்சவரம்பு 3,000 ரூபாய். இரண்டும் 1976-இல் போட்ட தொகை. அன்றைக்கு அது பணம். இன்றைக்கு டெல்லிக்கு ஒருமுறை போய்வர ரயில் கட்டணத்துக்குத்தான் காணும்.

சட்டத்துக்கு இந்தக் கணக்கு புரியவில்லை என்று சொல்ல முடியாது. சாட்சி விஷயத்தில் நன்றாகவே புரிந்திருக்கிறது. 16-ஆவது கட்டளையைப் படித்தால் தெரியும். சாட்சியைக் கூப்பிடுகிறவர் அவர் வந்துபோகும் செலவையும் ஒரு நாள் இருப்புச் செலவையும் முன்கூட்டியே கோர்ட்டில் கட்ட வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ரயிலோ பஸ்ஸோ வசதியாக இருந்தால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருக்கும் சாட்சியை நேரில் வா என்று கட்டாயப்படுத்தவே முடியாது. சாட்சி பஸ் ஏறும் முன் அவர் டிக்கெட்டுக்கு யார் பொறுப்பு என்று சட்டம் யோசித்துவிட்டது. வழக்கில் மாட்டியவருக்கு மட்டும் தூரக் கணக்கும் இல்லை, படியும் இல்லை.

2005-இல் ஒரு திருப்பம் வந்தது. நடைமுறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் செலவு பற்றியும் பேசியது. ஜெயித்தவர் செலவிட்ட நேரம், போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் சேர்ந்த நியாயமான உண்மைச் செலவைத்தான் கொடுக்கச் சொல்ல வேண்டும், ஐகோர்ட்டுகள் அதற்கேற்ப விதி செய்ய வேண்டும் என்றது. சேலத்திலிருந்து போன வழக்கு, பஸ் டிக்கெட்டை இந்தியச் சட்டத்தின் கண்ணில் காட்டியது. அதன்பிறகு 3,000 ரூபாய் வரம்பை ஒரு லட்சமாவது ஆக்குங்கள் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2012-இல் சட்ட ஆணையம் செலவு பற்றித் தனி அறிக்கை கொடுத்தது.

பலன் யாருக்கு வந்தது? 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. பெரிய வியாபாரத் தகராறுகளுக்கு மட்டும் 35-ஆவது பிரிவை முழுசாக மாற்றி எழுதினார்கள். உண்மைச் செலவைக் கணக்கிட விரிவான வழி சொன்னார்கள். பொய் வழக்குக்கான 3,000 ரூபாய் வரம்பையும் எடுத்துவிட்டார்கள். விமானத்தில் கோர்ட்டுக்கு வருபவருக்கு உண்மைச் செலவு, டவுன் பஸ்ஸில் வருபவருக்கு 1976.

மாற்றல் மனு போடும் மனைவிகள்

மாற்றல் மனுக்களில் ஒரு பெரும் பகுதி குடும்ப வழக்குகள். கணவர் தன் ஊரில் விவாகரத்து மனு போடுகிறார். மனைவி குழந்தையோடு பிறந்த வீட்டில் இருக்கிறார். வாய்தாவுக்கு வாய்தா ராத்திரி பஸ் பிடித்துப் போக வேண்டும், துணைக்கு அப்பாவோ அண்ணனோ வர வேண்டும். கணவர் தொடுத்த வழக்கில் மனைவியின் வசதியைத்தான் பார்க்க வேண்டும் என்று 2001-இல் சுமிதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறைய மனைவிமார் மாற்றல் வாங்கினார்கள். சில வழக்குகளில் கோர்ட் ஊரை மாற்றாமல், மனைவிக்கும் துணைக்கு வருபவருக்கும் போக்குவரத்து, தங்கும் செலவைக் கணவரே கொடுக்க வேண்டும் என்று உத்தரவிடும். ஊரும் செலவும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம் என்பதை வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் உத்தரவுகள் இவை.

2017 மார்ச்சில் கிருஷ்ணவேணி நாகம் வழக்கில் இரண்டு நீதிபதிகள் புது வழி சொன்னார்கள். ஊர் மாற்ற வேண்டாம், வீடியோவில் விசாரிக்கலாம். செலவு மிச்சம்தான். அதே வருஷம் அக்டோபரில் சாந்தினி வழக்கில் மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள். சமரச முயற்சி நடக்கும்போது வீடியோ கூடாது, அது தோற்றபின் இரு தரப்பும் சேர்ந்து கேட்டால் பார்க்கலாம் என்று இருவர் சொன்னார்கள். நீதிபதி சந்திரசூட் மாறுபட்டு எழுதினார். கொரோனா வந்து எல்லா கோர்ட்டையும் திரைக்குள் தள்ளும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இவற்றுக்கு நடுவே 2016 ஜூலையில் வந்த அனிதா குஷ்வாஹா தீர்ப்பு தனியாக நிற்கிறது. ஜம்மு காஷ்மீரில் அன்று மத்திய நடைமுறைச் சட்டம் செல்லாது. அதனால் 25-ஆவது பிரிவை வைத்து அங்கிருந்து ஒரு வழக்கை வெளியே மாற்ற முடியவில்லை. பழைய புதுச்சேரிச் சிக்கலின் பெரிய வடிவம். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, சட்டப்பிரிவு இல்லாவிட்டாலும் சாசனத்தின் கீழ் எங்களால் மாற்ற முடியும் என்றது. நீதியை அணுகுவது அடிப்படை உரிமை. அதற்கு நான்கு அம்சங்கள். தீர்ப்பு சொல்ல ஓர் அமைப்பு வேண்டும், அது எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், விரைவாக நடக்க வேண்டும், கட்டுப்படியாகும் செலவில் இருக்க வேண்டும். தூரமும் செலவும் அன்றைக்கு அடிப்படை உரிமைப் பட்டியலில் ஏறின.

நினைத்தால் கோர்ட்டால் செலவை முதலிலேயே எழுத முடியும் என்பதற்கும் நம் கண்முன் சாட்சி இருக்கிறது. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு குற்ற வழக்குதான், உரிமையியல் இல்லை. அதை 2003 நவம்பரில் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றிய உத்தரவிலேயே, அரசு வக்கீலின் கட்டணத்தையும் செலவையும் கர்நாடகம் முதலில் கொடுத்துவிட்டுத் தமிழ்நாட்டிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. இரண்டு அரசாங்கங்கள் என்றால் பில் யாருக்கு என்பது முதல் நாளே தெளிவு.

குடிகாட்டிலிருந்து சென்னைக்கு

குடிகாடு கடலூருக்குத் தெற்கே, சிப்காட் ஓரத்தில் இருக்கும் ஊர். 1980-களில் இங்கே ரசாயனம், சாயம், மருந்து என்று தொழிற்சாலைகள் வந்தன. நாற்றம், கிணற்றுத் தண்ணீர், மூச்சுத்திணறல் என்று புகார்களும் கூடவே வந்தன. பழைய சட்டப்படி பார்த்தால் இது கடலூர் கோர்ட் வழக்கு. கிணறு கெட்டது இங்கே, கெடுத்ததாகச் சொல்லப்படுபவர் தொழில் செய்வது இங்கே, சாட்சியெல்லாம் இங்கே. டவுன் பஸ் தூரத்தில் மஞ்சக்குப்பம்.

2010-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வந்தது. தென்னிந்திய அமர்வு சென்னையில். தீர்ப்பாயம் விசாரிக்கக் கூடிய சுற்றுச்சூழல் இழப்பீட்டு வழக்குகளை உரிமையியல் கோர்ட்டுகள் தொடக்கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு. 2012 ஆகஸ்டில் போபால் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் வழக்குகள் தீர்ப்பாயத்துக்கே போக வேண்டும் என்றது. யாரும் மாற்றல் மனு போடவில்லை. இரு தரப்பு வசதியையும் எடைபோடவில்லை. குடிகாட்டுக்காரரின் வழக்கு சட்டத்தாலேயே சுமார் 180 கிலோமீட்டர் தள்ளிப்போனது.

இதில் நல்லதும் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் நீதிபதியோடு விஞ்ஞானம் தெரிந்த உறுப்பினரும் உட்காருகிறார். ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முன்சீப் கோர்ட்டில் இருபது வருஷம் கிடப்பதற்கு இது மேல் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவையும் படிக்க வேண்டும். வழக்கு பொய், தொல்லைக்காகப் போட்டது, அல்லது நிற்காது என்று முடிவானால் செலவு கட்டச் சொல்லலாம். இடைக்காலத் தடையால் எதிர்த்தரப்பு இழந்த லாபத்தையும் அதில் சேர்க்கலாம். ஒரு ரசாயன ஆலை ஒரு மாதம் நின்றால் எவ்வளவு இழப்பு? குடிகாடு முழுசையும் விற்றாலும் கட்ட முடியுமா? எல்லா வழக்கிலும் இப்படி உத்தரவு வராது. ஆனால் தடை கேட்கப் போகிறவர் மனசில் இந்தப் பிரிவு வந்து உட்காரத்தான் செய்யும். ஆலை இழந்தது செலவாகும், கிணற்றுக்காரர் இழந்த கூலி செலவாகாது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஓய்வுபெற்ற ஐகோர்ட் நீதிபதி கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் சிப்காட் பற்றி விசாரித்து 2003-இல் அறிக்கை கொடுத்தது. அதற்குத் தடை போடும் அதிகாரமோ இழப்பீடு வாங்கித் தரும் அதிகாரமோ கிடையாது. ஆனால் ஜனங்கள் இருக்கும் இடத்தைத் தேடி விசாரணை வந்தது. மன்றோ 1816-இல் யோசித்ததும் ஏறக்குறைய இதுதான். சட்ட அதிகாரத்தோடு நடந்ததற்கும் உதாரணம் உண்டு. 2004 ஜூலையில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை திறந்தபோது 13 மாவட்டங்களின் வழக்குகள் கட்டுக்கட்டாகச் சென்னையிலிருந்து கிளம்பிப் போயின. கன்னியாகுமரிக்காரருக்கு ஐகோர்ட் ஒரு ராத்திரிப் பயணத்திலிருந்து பகல் பஸ்ஸாகக் குறைந்தது. கோட்டை ஜனங்கள் பக்கம் நகர்த்தி வைக்கவும் முடியும்.

முழு மாற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செய்யக் கூடியது சின்ன விஷயம்தான். வழக்கை ஊர் மாற்றும் உத்தரவு ஒவ்வொன்றிலும், போகவேண்டியவரின் வாய்தா நாள் செலவு யாருடையது என்று ஒரு பத்தி இருக்கட்டும். சாட்சிக்குப் படி கட்டுவதைப் போல, மாற்றல் கேட்டவர் வசதியானவராக இருந்தால் முன்பணம் கட்டட்டும். கேட்டவர் ஏழையாக இருந்தால், எதிராளியும் ஏழையாக இருந்தால், சட்ட உதவி நிதியிலிருந்து வரட்டும். கோட்டைச் சட்டமே நகர்த்தியிருந்தால் அரசு கொடுக்கட்டும். 16-ஆவது கட்டளையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கும் ஏற்பாடுதான். அதைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கி, பின்வரிசை பெஞ்சில் கட்டைப்பையோடு உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் நீட்டினால் போதும்.

அதுவரைக்கும் வழக்கு எந்த ஊரில் என்று முடிவாகும் அன்றைக்கே செலவு யாருக்கு என்பதும் முடிவாகிவிடுகிறது. வருஷக்கணக்கு கழித்துத் தீர்ப்பில் வரும் 'செலவுத்தொகை இல்லை' என்ற வரி, அதை ஏற்கெனவே கட்டி முடித்தவர் முன்னால் வாசிக்கப்படுகிறது.